துணுக்கு எழுதப் பழகுவோருக்கு: தகவலைப் பிரித்து, சோதித்து, மூன்று வரியில் தருவது எப்படி

பள்ளி அறிவிப்புப் பலகைக்கோ, குழந்தைகள் இதழுக்கோ, யூடியூப் ஷார்ட்ஸுக்கோ ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதி எழுத வருபவர்கள் பெரும்பாலும் வலையில் தேடிக் கிடைத்த இருபது தகவல்களை அப்படியே தமிழாக்கித்தான் தொடங்குகிறார்கள். அந்த இருபதில் சில முழுப் பொய், பல பாதி உண்மை. கட்டுரையில் ஒரு வரி பிசகினால் அடுத்த பத்தி அதைச் சரிக்கட்டிவிடும். துணுக்குக்கு அடுத்த பத்தி கிடையாது. எட்டு வயதில் படித்த தவறான துணுக்கை ஐம்பது வயதிலும் உறுதியாகச் சொல்பவர்கள் நிறைய. அதனால் எழுதும் நேரத்தைவிடச் சரிபார்க்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு துணுக்குக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் எழுதுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

தேவைக்கு மேல் எடுத்து வையுங்கள்

வாரத்துக்கு ஐந்து துணுக்கு வேண்டுமென்றால் பன்னிரண்டு தகவல்களோடு தொடங்குங்கள். விலங்கு நான்கு, அன்றாடப் பொருள் மூன்று, மரபு மூன்று, கதாபாத்திரம் இரண்டு என்று எடுத்தால் வசதி. சரிபார்க்கும்போது பாதி கழிந்துவிடும். ஐந்தே எடுத்து வைத்தவருக்குக் கழிக்க மனம் வராது. சந்தேகம் இருந்தும் ‘இருக்கட்டும்’ என்று சேர்த்துவிடுவார். தவறுகள் நுழையும் வழிகளில் முதலாவது இது.

இந்த நான்கு வகையும் ஒரே மாதிரி பிழைபடுவதில்லை. விலங்குத் தகவலில் மிகைப்படுத்தல் வரும். பொருள்களில் ‘முதலில் கண்டுபிடித்தவர்’ தகராறு வரும். மரபில் பொருத்தமில்லாத அறிவியல் விளக்கம் ஒட்டிக்கொள்ளும். கதாபாத்திரத்தில் மூலமும் சினிமாவும் கலந்துவிடும். எந்த வகை என்று பார்த்து அதற்குரிய சோதனையைச் செய்ய வேண்டும்.

ஒரு துணுக்குக்குள் எத்தனை கூற்று?

‘ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ஒன்பது மூளை, நீல ரத்தம்’ என்ற துணுக்கைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றையும் தனியே சோதியுங்கள்.

மூன்று இதயம் சரி. இரண்டு இதயங்கள் செவுள்கள் வழியாக ரத்தத்தைத் தள்ளுகின்றன, மூன்றாவது உடல் முழுக்கச் செலுத்துகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடும். ஆக்டோபஸ் நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போவதற்கும், கூடுமானவரை ஊர்ந்தே செல்வதற்கும் இது ஒரு காரணம். நீல ரத்தமும் சரி. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின். அதன் ரத்தத்தில் தாமிரம் உள்ள ஹீமோசயனின்.

ஒன்பது மூளை என்பதுதான் இடறுகிறது. மூளை ஒன்றுதான். ஆனால் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் பரவியிருக்கிறது. ஒவ்வொரு கையும் ஓரளவு தானாகவே இயங்கும். யாரோ இதை எளிமையாக்கி ‘கைக்கு ஒரு மூளை’ என்று எழுதப்போய், எட்டும் ஒன்றும் ஒன்பதாகிவிட்டது.

பிரித்துப் பார்த்ததில் கிடைத்த லாபத்தைக் கவனியுங்கள். ‘நீந்தும்போது ஒரு இதயம் நின்றுவிடும்’ என்பது மூல வரியில் இல்லவே இல்லை. ஆனால் அந்த மூன்றையும்விடச் சுவையானது அதுதான். சரிபார்க்கப் போகும் இடத்தில்தான் நல்ல துணுக்கு கிடைக்கும்.

பெயர் சரியா?

ஆங்கிலத்திலிருந்து எடுக்கும் விலங்குத் தகவல்களில் அடிக்கடி நேரும் விபத்து இது. தென் அமெரிக்கக் காட்டில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தைத் தமிழில் ‘தேவாங்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு நம் ஊர் விலங்கு, குரங்கினத்துக்கு உறவு, இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டிய காடுகளைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தேவாங்கு சரணாலயமாகவே அறிவித்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஓணானும் பச்சோந்தியும் இப்படியே குழம்புகின்றன. வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் ஓணானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து சிவக்கும். அதைப் பார்த்து அதையே பச்சோந்தி என்று சொல்லும் ஊர்கள் உண்டு. பச்சோந்தி வேறு. கண்கள் தனித்தனியே சுழலும், வால் சுருளும், நாக்கு நீண்டு பாயும். ஐயம் வந்தால் அறிவியல் பெயரைத் தேடி, அதற்குரிய படத்தைப் பாருங்கள். தமிழ்ப் பெயர் இல்லாத விலங்குக்கு ஸ்லாத், வோம்பாட் என்று ஒலிபெயர்த்து, அது எங்கே வாழ்வது என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

‘முதல்’, ‘மட்டும்’, ‘ஒருபோதும்’

இந்த மூன்று சொற்களையும், கூடவே ‘உலகிலேயே’ என்பதையும் பார்த்தவுடன் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். துணுக்கு பொய்யாவது பெரும்பாலும் இந்தச் சொற்களால்தான்.

‘தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் வந்துவிட்டது’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் 1823-இல் லைட்டராகப் பயன்பட்ட ஒரு விளக்கைச் செய்தார். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அது பிளாட்டினத்தின் மேல் பட்டதும் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் உரசினால் பற்றும் குச்சியைக் கண்டது 1826-இல், விற்கத் தொடங்கியது 1827-இல். ஆக, துணுக்கு சரி என்று தோன்றும். ஆனால் 1805-லேயே பாரிஸில் ஜான் சான்செல் ஒரு தீக்குச்சி செய்திருந்தார். அதைக் கந்தக அமிலத்தில் தோய்த்தால்தான் பற்றும். எனவே ‘தீக்குச்சிக்கு முன்பே’ என்பது தவறு, ‘உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சிக்கு முன்பே’ என்பது சரி. இரண்டு சொல் கூடியதில் துணுக்கின் சுவை குறையவில்லை. யார் வந்து கேள்வி கேட்டாலும் இப்போது நிற்கும்.

தீப்பெட்டியைக் கையில் எடுத்தவரைக்கும் இன்னொன்று. ‘தீக்குச்சி முனையில் பாஸ்பரஸ் இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். நாம் வாங்கும் பாதுகாப்புத் தீப்பெட்டியில் சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில், கண்ணாடித் தூளோடு. குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் சந்தித்தால்தான் நெருப்பு. குச்சியைச் சுவரில் உரசினால் பற்றாததற்குக் காரணம் இதுவே. பலகை முன் நிற்கும் பிள்ளைகளிடம் இதைக் கேள்வியாகவே கேட்கலாம்.

மூலத்துக்குப் போகும் வழி

பத்துத் தளங்களில் ஒரே தகவல் இருக்கிறது என்பது பத்துச் சான்று ஆகாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே எண், ஒரே வரிசை, ஒரே எடுத்துக்காட்டு எல்லா இடத்திலும் வந்தால் அவை அனைத்தும் சேர்த்து ஒரே சான்று.

விலங்கென்றால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், வனத்துறை ஆகியவற்றின் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலிய விலங்கான வோம்பாட்டின் சாணம் கனசதுரமாக இருக்கும் என்று படிக்கும்போது பொய் போலத் தோன்றும். அது உண்மை. குடலின் கடைசிப் பகுதியில் சில இடம் விறைப்பாகவும் சில இடம் நெகிழ்வாகவும் இருப்பதால் அந்த வடிவம் வருகிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் 2019-இல் அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. நம்ப முடியாததாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம் என்பதற்கும் இது எடுத்துக்காட்டு.

பொருளென்றால் காப்புரிமை ஆவணங்கள், தரக்கட்டுப்பாட்டு விதிகள். பேனா மூடியின் நுனியில் ஓட்டை ஏன் என்பதற்கு ‘மை உலராமல் இருக்க’ என்று எழுதுகிறார்கள். ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தர விதி காரணத்தைத் தெளிவாக்குகிறது. குழந்தை மூடியை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால், மூச்சு ஓரளவாவது போய்வர அந்த வழி. காரணம் தவறினால் துணுக்கு பாதி தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

எந்த நூலும் கையில் இல்லாதபோதும் பள்ளிக் கணக்கு உதவும். தமிழ் வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் ஒன்று: ‘திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றன, நாசா வியந்தது.’ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழத் தொடங்கும். நின்றுவிட்டுத் தானாகப் பழைய வேகத்தைப் பிடிக்க வழியே இல்லை. பூமியிலிருந்து பார்க்கையில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரியில் இருக்கிறது. சனீஸ்வரர் சன்னதியின் பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை. ‘நாசா வியந்தது’, ‘விஞ்ஞானிகள் அதிர்ச்சி’ என்ற சொற்கள் வந்தாலே அந்தத் தகவலைச் சோதனை வரிசையின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது. காலையிலோ மாலையிலோ போய் நின்றாலே நிழல் தெரியும். ஆனால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது. அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர், உயரம் 60 மீட்டருக்கு மேல். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் தஞ்சாவூருக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் இருக்கும். அப்போது உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழும், தரைக்கு வராது. அதே நண்பகல் டிசம்பர் கடைசியில் என்றால் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சுமார் 34 டிகிரி சாய்ந்திருக்கும். நிழல் வடக்குப் பக்கம் அடித்தளத்தைத் தாண்டி இருபது மீட்டருக்கும் மேல் நீளும். ஆக, எழுத வேண்டிய துணுக்கு இது: ‘தஞ்சைப் பெரிய கோயில் விமான உச்சியின் நிழல் ஏப்ரலில் ஒரு நண்பகலில் கோயிலின் மேலேயே விழும், டிசம்பர் நண்பகலில் தரையில் நீளும்.’ இதைப் படித்த பிள்ளை ஒரு குச்சியை நட்டுத் தானே சோதித்துப் பார்க்கலாம்.

எண்களை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. இங்கே ஒரு சுழியம் தவறினால் தகவல் பத்து மடங்கு பொய்யாகும். மைல், பவுண்டு, பாரன்ஹீட் எதையும் அப்படியே விடாதீர்கள். மாற்றிய பின் முழு எண்ணாக்குங்கள். 36.287 கிலோ என்று எழுதினால் இல்லாத துல்லியம் இருப்பது போலாகும்.

மரபைப் பற்றி எழுதும்போது

யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு செய்கிறார்கள் என்பதை எழுதினாலே மரபுத் துணுக்கு நிறைந்துவிடும். பல்லாங்குழிப் பலகையில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழிகள். சோழியோ புளியங்கொட்டையோ போதும். மாடு அணைதல் ஏறு தழுவுதலாகக் கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே வருகிறது. இவற்றுக்கு மேல் ‘இதனால் மூளை நரம்பு தூண்டப்படுகிறது’ என்று வால் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டினால் உண்மையான முதல் வரியின் மேலேயே வாசகருக்குச் சந்தேகம் வரும்.

‘அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும்’ என்பது இந்த வாலுக்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவது ஒளி இருக்கும்போது மட்டும். இருட்டில் அரசமரமும் மற்ற மரங்களைப் போல மூச்சுதான் விடும். அரசமரத்தடிப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது.

விலங்கும் மரபும் சேரும் இடத்தில் இன்னும் நிதானம் தேவை. பாம்புக்குப் பால் ஊற்றும் வழக்கத்தைக் கேலி செய்யாமலே பாம்பின் உடலைப் பற்றி உண்மை எழுதலாம். பால் பாம்பின் இயல்பான உணவு இல்லை, அதற்குச் செரிக்காது. பல நாள் தண்ணீரில்லாமல் வைக்கப்பட்ட பாம்பு கிடைக்கும் எந்தத் திரவத்தையும் குடித்துவிடும். மகுடிக்கு ஆடுவதாகத் தெரிவதும் இசையால் அல்ல. அசையும் மகுடியைக் கண் தொடர்கிறது. அதற்காக ‘பாம்புக்குக் காதே கேட்காது’ என்று மறுகோடிக்கும் போகாதீர்கள். வெளிக்காது இல்லை, ஆனால் உட்காது உண்டு. தாடை எலும்பு வழியே தரை அதிர்வை நன்றாக உணரும்.

கதாபாத்திரங்கள்

இங்கே ஒரே விதி: படைத்தவர் எழுதியது எது, பின்னால் சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஷெர்லக் ஹோம்ஸ் சொன்னதாக உலகம் முழுக்கச் சொல்லப்படும் ‘எலிமெண்டரி, மை டியர் வாட்சன்’ என்ற வரி, கோனன் டாயில் எழுதிய அறுபது கதைகளில் எதிலும் அந்த வடிவில் இல்லை. ‘எலிமெண்டரி’ தனியாக வருகிறது, ‘மை டியர் வாட்சன்’ தனியாக வருகிறது. இரண்டையும் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

தமிழில் இந்தக் குழப்பம் மிகுதியாக இருப்பது சோழர் கதையில். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் வரலாற்று மனிதர். தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று குறிக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் படைப்பு. ‘நந்தினி பாண்டிய நாட்டில் வாழ்ந்தவர்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால், ‘கதையில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் வெளியிடாதீர்கள்.

மொழி மாறி வந்த பாத்திரங்களுக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தோன்றியது 1962-இல். முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தது 1972-இல். இரண்டையும் எழுதுங்கள். பத்தாண்டு இடைவெளியே சுவையான செய்தி.

எழுதும் முறை

முப்பது முதல் நாற்பத்தைந்து சொல், மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்தில் வியப்பு, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் வாசகர் தாமே பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று. மூன்றாவது கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். காரணம் மட்டும் இல்லாமல் போகக் கூடாது.

வந்த தகவல்: ‘பச்சோந்தி சூழலுக்கு ஏற்ப நிறம் மாறி ஒளிந்துகொள்ளும்.’ வெளியிட வேண்டியது: ‘பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் தன் மனநிலையைக் காட்டவும் உடல் வெப்பத்தைச் சரிசெய்யவும். தோலுக்கடியில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பிரதிபலிக்கும் நிறம் மாறுகிறது. சண்டைக்கு நிற்கும் ஆண் பச்சோந்தியின் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒளிவதற்கு மாறாகப் பளிச்சென்று தெரியும்.’

பரவலான தவறைத் திருத்தும்போது தவறான கருத்தைத் தலைப்பில் வைக்காதீர்கள். ‘தங்கமீனுக்கு மூன்று விநாடி ஞாபகம்தானா?’ என்று தலைப்பிட்டால் பாதிப் பேருக்கு மூன்று விநாடி என்பதுதான் மனதில் நிற்கும். ‘தங்கமீன் பழகியதை மாதக்கணக்கில் நினைவில் வைக்கும்’ என்று தொடங்குங்கள்.

எழுதியதை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டினால் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியதற்கு மாறாகச் சொன்னால் கோளாறு வாக்கியத்தில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை.

படமும் பதிவேடும்

படத்தைக் கடைசி நிமிடத்தில் தேடாதீர்கள். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய விலங்குப் படங்களில் ஆக்டோபஸுக்கு ஏழு கையோ ஒன்பது கையோ இருக்கும். எண்ணிப் பாருங்கள். ஓணான் படத்தைப் பச்சோந்தித் துணுக்குக்குப் போட்டால் முன்பு செய்த சரிபார்ப்பெல்லாம் வீண்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: துணுக்கு, எங்கே பார்த்தது, எதை வைத்து உறுதி செய்தது, வெளியான தேதி. கழித்தவற்றையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பொய் வேறு உருவில் வரும்போது அரை மணி நேரம் மிச்சமாகும்.

வெளியான பிறகு தவறு தெரிந்தால், அடுத்த இதழில், துணுக்கு வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். என்ன எழுதினோம், எது சரி என்று இரண்டு வரி போதும். வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் பழைய பதிவை நீக்கிவிட்டு மட்டும் இருந்துவிடாதீர்கள். அது ஏற்கெனவே வேறு குழுக்களுக்குப் போயிருக்கும். திருத்தத்தையும் தனிப் பதிவாகப் போட்டால்தான் அதையும் யாராவது முன்னனுப்ப முடியும்.